ஸ்ட்ரெதமில் பார்த்த பிறை

1

சென்ற வாரம் லண்டன் மனோர் பார்க்கில் இறைச்சிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மௌலவி, இந்த முறை பிறை என்ன மாதிரி? சொன்னீங்கள் எண்டா நான் கடைக்கு ஆள் போடலாம்."

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். நான் ஆட்டுத்தொடை ஒரு கிலோ என்று மட்டும் சொன்னேன்.

நான் மௌலவி இல்லை. எந்த மதரசாவும் எனக்குப் பட்டம் தரவில்லை. இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஹதீஸ், அதாவது நபிமொழி படிக்கிறேன், அவ்வளவுதான். அதுவும் நம்மூரில் படிப்பதைப் போல அல்ல. மேற்கு நாட்டு அறிஞர்கள் ஹதீஸை எப்படிப் படித்து வந்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கிறேன். இந்த மௌலவிப் பட்டம் இரண்டு வருடங்களுக்கு முன்னால், நோன்பு முடியும் ஒரு நவம்பர் மாலையில் ஒட்டிக்கொண்டது. அந்த மாலையைப் பற்றித் தொலைபேசியில் ஊருக்குச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கும் சரியாகப் புரியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

2

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அத்தா கடற்கரையில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளம் உடைப்பவர். நான் லண்டன் வந்த புதிதில் டெலிபோன் கார்டு போட்டுப் பேசினால், சத்தம் கேட்காதோ என்ற பயத்தில் கத்துவார்.

"என்னடா படிக்கிற அங்க?"

"ஹதீஸ் அத்தா."

"ஹதீஸா? அது நம்ம பள்ளிவாசல்லயே அஸர் தொழுதுட்டு உக்காந்தா ஹஜ்ரத் சொல்லுவாரே. அதுக்கா பிளேன் ஏறுன? யாரு சொல்லித் தர்றா?"

"ஒரு பேராசிரியை. இங்கிலாந்துக்காரங்க."

"கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவங்களா?"

"இல்லத்தா."

பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேராசிரியைக்கு என்னைவிட அரபி நன்றாகத் தெரியும். குரலை உயர்த்தாமல் பேசுவார். நபிகள் நாயகத்தின் பெயரைச் சொல்லும்போது பின்னால் ஸலவாத்து என்னும் வாழ்த்து வராது. முதல் கட்டுரையில் நான் ஒவ்வொரு முறையும் அதை எழுதியிருந்தேன். ஆய்வுக் கட்டுரையில் அது வழக்கமில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். கணினி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்த ஒவ்வொரு இடத்திலும் வாயால் சொல்லிக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் வேறு கணினிக்கு மாறிவிட்டார்.

நான் புரிந்துகொண்டவரை கதை இப்படிப் போகிறது. நூறு வருடத்துக்கும் முன்னால், அரபி ஆழமாகக் கற்ற ஹங்கேரிக்காரர் ஒருவர், நபியின் சொல் என்று வந்திருக்கும் அறிவிப்புகளில் பெரும்பகுதி பின்னால் வந்த தலைமுறைகளின் சண்டைகளைத்தான் காட்டுகிறது என்று எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, இஸ்லாமியச் சட்டத்தை ஆராய்ந்த இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இவருக்கு அவர் சொன்னார், அவருக்கு இன்னொருவர் சொன்னார் என்று வரும் சங்கிலி பின்னோக்கி வளர்ந்தது என்றார். பல சங்கிலிகள் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால், செய்தி அவர் காலத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். பிறகு சிலர் பழைய ஏடுகளைக் காட்டி, இல்லை, ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மறுத்தார்கள். இப்போது ஜெர்மனிப் பக்கம் சிலர் சங்கிலிகளையும் வாசகங்களையும் சேர்த்து வைத்து ஒப்பிடுகிறார்கள். எல்லோரும் வந்து சேரும் அந்த ஆள் இட்டுக்கட்டியவர் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும், முதன்முதலில் ஒழுங்காகப் பாடம் சொன்னவராக இருக்கலாமே என்பது அவர்கள் கட்சி.

பேராசிரியை இதைப் பலகையில் வரைவார். மேலே நபி. அங்கிருந்து ஒற்றைக் கோடு இறங்கும். நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து கீழே பத்துப் பதினைந்து கோடுகள் விரியும். எனக்கு அது கைப்பிடி மேலே இருக்கும்படி பிடித்த துடைப்பமாகவே தெரிந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டேன். ஆனால் ஒருமுறை தோன்றிவிட்டதைக் கண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை.

"அந்த முடிச்சில் இருக்கும் ஆள் என்ன செய்தார்?" இதுதான் அவர் எனக்குக் கொடுத்த கேள்வி. கருத்தரங்கில் நான் பேச வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. நான் தயாராக இல்லை. நம் பழைய இமாம்கள் ஆளை விசாரித்தார்கள்: நேர்மையானவரா, ஞாபகம் எப்படி, யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை நேரில் கண்டிருக்கிறாரா? இங்குள்ளவர்கள் வழியை விசாரிக்கிறார்கள்: எல்லாம் எங்கே கூடுகிறது, யாருக்கு இந்தச் செய்தி தேவைப்பட்டது? காலையில் ஒரு பக்கம் சரியாகப் பட்டது. மாலையில் மறுபக்கம். நடுவில் சில நாள், இதெல்லாம் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று பட்டது.

திங்கள் மதியம் பேராசிரியை கேட்டார்: "உங்கள் பெருநாள் எப்போது?"

"நாளை. அல்லது நாளை மறுநாள். இன்று மாலை பிறை தெரிந்தால் நாளை."

"சரி. நாளை என்றால் பேச்சை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ஒரு மின்னஞ்சல் போதும்."

நாளையாக இருந்தால் நல்லது என்று ரயிலில் வரும்போது நினைத்தேன். நினைத்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஊரில் பிறை என்பது ஒரு சத்தம். பள்ளிவாசலில் நகரா முரசு அடிப்பார்கள், அடுத்த தெருவில் பையன்கள் வெடி போடுவார்கள், கறிக்கடைக்கு ஆள் ஓடும். யார் பார்த்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

லண்டனில் பிறை ஒரு தொலைபேசி. ஒரு பள்ளிவாசல் மக்காவைப் பின்பற்றும், அடுத்த தெருப் பள்ளிவாசல் வேறொரு நாட்டை. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்துப் பெருநாள் தொழுகை நடத்துகின்றன. பாதி இலங்கை, பாதி தமிழ்நாடு. இந்த நாட்டு வானத்தில் யாராவது கண்ணால் பார்த்தால் மட்டுமே பெருநாள் என்று அவர்கள் அந்த வருடம் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நவம்பர் மாத லண்டன் வானத்தில்! கூடிப் பேசிய அன்றும் மழைதான்.

மண்டபத்துச் சாவி ரஃபீக் நானாவிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். என் வீட்டுக்காரர். மாடியில் பின் அறை எனக்கு. அவர் பஸ் ஓட்டுகிறார். லீவு கேட்டால் மேலாளர், "எந்தத் தேதி?" என்பார். "பிறையைப் பார்த்துத்தான்" என்றால், "உங்கள் பண்டிகைத் தேதி உங்களுக்கே தெரியாதா?" என்பார்.

"போன வருஷம் லீவு எடுத்த அண்டைக்கு வீட்டில நோன்போட இருந்தன்" என்று நானா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பெருநாள் அண்டைக்கு பஸ் ஓட்டினன். இந்த மண்டப வாசலாலதான் ரூட். எல்லாரும் புது உடுப்போட கை காட்டினவை. நான் ஹார்ன் அடிச்சன்."

இந்த முறை செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

அவர் மகள் சஹானாவுக்குப் பத்து வயது. என்னைச் சித்தப்பா முறையில் சாச்சா என்பாள், மற்றதெல்லாம் ஆங்கிலம். சூப்பர் மார்க்கெட்டில் உம்மா தமிழில் கூப்பிட்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். ஆனால் அந்த வருடம், யாரும் சொல்லாமலே, முழு மாதமும் நோன்பு பிடிக்கப் போகிறேன் என்று நின்றாள். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருமலோடும் பிடித்தாள். சட்டப்படி அந்த வயதில் அவளுக்குக் கடமையே இல்லை. அதை அவளிடம் சொன்னபோது, "ஐ நோ, சாச்சா. தட்ஸ் வை இட் கவுன்ட்ஸ்" என்றாள். ஒன்றுகூட விடக்கூடாது. அதுதான் அவளுடைய ஒரே கவலை.

4

அந்தத் திங்கள் மாலை நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து, இரண்டாவது பேரீச்சம்பழக் கொட்டை வாயில் இருக்கும்போதே தொலைபேசி அடித்தது. இல்ஃபோர்டிலிருந்து. பிறை தெரிந்ததாம். கஞ்சிக் கோப்பை முடிவதற்குள் ஈஸ்ட் ஹாமிலிருந்து. பிறகு ரெய்னர்ஸ் லேனிலிருந்து.

நானா கைகளைத் தட்டினார். "மூண்டு இடத்தில மூண்டு செய்தி! ரஹீமா, மருதோண்டியைக் குழை."

அவர் மனைவி ரஹீமா லாத்தா அடுப்புப் பக்கமிருந்து, "ஆர் கண்டவையாம்? வெளியில எட்டிப் பாருங்கோ, எனக்கு எதிர் வீட்டுக் கூரையே தெரியேல்லை" என்றார். சொல்லிக்கொண்டே மருதோண்டித் தூளையும் எடுத்தார்.

"டேட், ஆர் யூ ஷூர்?" சஹானா நாற்காலியில் முழங்கால் போட்டு நின்றாள். "இஃப் இட்ஸ் ஸ்டில் ரமழான் டுமாரோ, அண்ட் வீ ஈட், தென் ஐ மிஸ் ஒன்."

நானா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ இதைத்தானே படிக்கிறாய்? ஆர் சொன்னது, அவருக்கு ஆர் சொன்னது எண்டு. ஒருக்கா விசாரி."

வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதே சமயம், இரண்டு வருடப் படிப்பில் முதல்முறையாக யாரோ என் படிப்பை ஒரு காரியத்துக்குக் கேட்கிறார்கள் என்ற சந்தோஷமும் வந்தது. தொலைபேசியை எடுத்தேன்.

இல்ஃபோர்டுக்காரர் பார்க்கவில்லை, அவர் மைத்துனர் சொன்னார். மைத்துனருக்கு வேலை இடத்தில் ஒருவர். அவருக்கு ஸ்ட்ரெதமில் ஹாஜா என்பவர். ஈஸ்ட் ஹாம் செய்தியில் ஒரு குடும்பமே பார்த்திருந்தது. துருவிப் போனால் அதுவும் ஸ்ட்ரெதம் ஹாஜா. ரெய்னர்ஸ் லேனில் ஒரு பெரிய கூட்டமே திடலில் நின்று பார்த்து அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லியிருந்தது. அந்தக் கூட்டத்தை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சியவர் ஹாஜா.

பலகையில் பார்த்த துடைப்பம் அடுப்படியில் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா, பெருமையா என்று தெரியவில்லை.

ஹாஜாவின் எண்ணை வாங்கி அழைத்தேன். திருச்சிக்காரர். ஒரு வங்கியில் கணினி வேலை. நல்ல மரியாதையான குரல்.

"ஆமாங்க, பாத்தேன். ஸ்ட்ரெதம் காமன் பார்க் மேட்டுல கார நிறுத்தினேன். ரெண்டு மேகத்துக்கு நடுவுல, மெல்லிசா."

"வேற யாராவது பாத்தாங்களா பாய்?"

"வீட்டுக்காரம்மா கார்ல இருந்தாங்க. கூப்பிட்டுக் காட்டறதுக்குள்ள மூடிருச்சு."

"ஒரு கூட்டமே பாத்ததா சொல்றாங்களே?"

"கூட்டமா? ஒருத்தர் நாயோட நின்னாரு. அவர் பாத்தாரான்னு நான் கேக்கல."

கேட்கக்கூடாத கேள்வியையும் கேட்டேன். "நாளைக்கு லீவு போட்டிருக்கீங்களா பாய்?"

"போட்டிருக்கேன். ஏன் தம்பி? லீவுக்காகப் பிறைய வரவழைச்சேங்கிறீங்களா?"

"இல்ல பாய், மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல. கேக்கத்தான் வேணும். நான் பாத்தத சொல்லிட்டேன்."

தொலைபேசியை வைத்தேன். இமாம்கள் வழியில் பார்த்தால் அவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை, கூட்டிச் சொல்லவில்லை. பேராசிரியை வழியில் பார்த்தால் எல்லாச் செய்தியும் ஒரே முடிச்சு, அந்த முடிச்சுக்கும் நாளை பெருநாள் தேவை. நானாவுக்கும் தேவை. மின்னஞ்சல் அனுப்பக் காத்திருக்கும் எனக்கும் தேவை. பிறகு, எங்கள் ஷாபி மத்ஹபின் சட்டப்படி நோன்பைத் தொடங்க ஒரு சாட்சி போதும். முடிக்க இரண்டு வேண்டும்.

"நானா, எல்லாம் ஒருத்தர் சொன்னதுதான்" என்றேன்.

"அவனோட கதைச்சனிதானே. பொய் சொல்லுறான் எண்டு உனக்குப் படுதோ?"

"இல்ல நானா. பொய் சொல்றவரா தெரியல. ஆனா பெருநாளுக்கு ரெண்டு சாட்சி வேணும்."

"ஒண்டு அவன்" என்றார் நானா, விரலை மடக்கி. "விசாரிச்சு நம்பினது நீ. மற்றச் சாட்சி நீதானே."

"நான் பாக்கலயே நானா!"

அதற்குள் தொலைபேசி மறுபடி அடித்துவிட்டது. நானா எடுத்தார். "ஓம், ஓம். எங்கட மௌலவித் தம்பி, யூனிவர்சிட்டியில இதையே படிக்கிறவர், அவர் நல்லா விசாரிச்சவர். சரியாம்."

நான் கையை ஆட்டினேன். அவர் எனக்குக் கையைக் காட்டிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார். சஹானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாத்தா அவளுடைய இடது உள்ளங்கையை விரித்து நடுவில் மருதோண்டியை வட்டமாக வைத்துவிட்டார்.

"ஸோ ஐம் டன், சாச்சா?"

என் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, தெரியவில்லை என்று ஆடியதா, அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. நான் மேலே போய்ப் பேராசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

5

காலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். மேசையில் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பமும் பிரியாணியும். நானா புதுச் சட்டையில் மாப்பிள்ளை போல நடந்தார். பஸ் ஒன்று வாசலைத் தாண்டிப் போனபோது ஓடிப்போய்க் கை காட்டிவிட்டு வந்தார்.

முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தழுவி, "ஈத் முபாரக்" என்றார். குரல் தெரிந்தது.

"ஹாஜா பாயா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி...?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே மனதைத் திறந்துவிட்டார். யாரிடமாவது சொல்லக் காத்திருந்தார் போல. "தம்பி, நேத்து ஒரு பையன் போன் பண்ணி விசாரிச்சான். அதுக்கப்புறம் எனக்கே சந்தேகமாப் போச்சு. பிளேன் போன புகையா இருக்குமோன்னு. வீட்டுக்காரம்மாகூட, கண்ணாடி போட்டிருந்தீங்களான்னு கேட்டா. சோறு எறங்கல. எத்தன பேரு நோன்ப விடுவாங்க என் வார்த்தைய நம்பி! அப்பறம்தான் இல்ஃபோர்டுல இருந்து சொன்னாங்க, யூனிவர்சிட்டில பிறை ஆராய்ச்சி பண்ற தமிழ் ஆளு ஒருத்தரும் கண்ணால பாத்துட்டாராம். அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

மண்டபம் முழுவதும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். சொன்னால் பெருநாள் அவருக்கு முடிந்தது. எது நேர்மை, எது இரக்கம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"பாய், அந்த யூனிவர்சிட்டி ஆளு நான்தான். நேத்து போன் பண்ணினதும் நான்தான். நான் ஒண்ணும் பாக்கல. நீங்க பாத்தத நம்பினேன், அவ்வளவுதான்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. முகம் மட்டும் மாறியது.

"நான் உங்கள நம்பினேனே" என்றார். "அப்ப யாருதான் பாத்தா?"

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி தட்டில் விழும் சத்தம் கேட்டது. சஹானா. பச்சைப் பட்டுச் சட்டை, கையில் சிவந்த மருதோண்டி வட்டம், தட்டில் பாதி வட்டிலப்பம். வாயில் போட்டது கன்னத்தில் அப்படியே நின்றது. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் தமிழ் அவளுக்கு விளங்காது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"ஸோ நோபடி ஸா இட்?"

"ஹாஜா மாமா பாத்தார்" என்றேன்.

"ஹீ சேய்ஸ் ஹீ டசின்ட் நோ." விழுங்கலாமா துப்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் தேங்கிவிட்டது. "சாச்சா, டிட் ஐ டு ஆல் ஆஃப் தெம் ஆர் நாட்?"

எனக்கு இரண்டு பதில்கள் தெரியும். இரண்டு நூலகம் நிறையப் பதில்கள் தெரியும். "எனக்குத் தெரியல, சஹானா" என்றேன்.

ஹாஜா பாய் அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். "நீ சாப்பிடும்மா. தப்புன்னா அந்தத் தப்பு என்னோடது. அல்லாஹ்கிட்ட நான் சொல்லிக்கிறேன், இந்தப் புள்ள எல்லாத்தையும் புடிச்சான்னு."

"நானும் சொல்றேன்" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதல்நாள் மாலை அடுப்படியில் அவள் அப்பா விரல் மடக்கியதைப் போலவே மருதோண்டிக் கையில் இரண்டு விரல்களை மடக்கினாள்.

"தட்ஸ் டூ" என்றாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

அடுத்த வாரம் கருத்தரங்கில் பேசினேன். அந்த முடிச்சில் இருக்கும் ஆள் என்ன செய்தார் என்று பேராசிரியை கேட்டார். "அவர் வேறு யாரையோ நம்பியிருக்கலாம்" என்றேன். அதற்கு ஆதாரம் என்ன என்றார். ஆதாரமாகக் காட்ட என்னிடம் எந்த ஏடும் இல்லை. மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது.

தவறவிட்டிருக்கக்கூடிய அந்த ஒரு நாளுக்குப் பதிலாக நான் பின்னால் ஒரு நோன்பு பிடித்தேன். ஸ்ட்ரெதமில் ஹாஜா பாயும் ஒன்று பிடித்ததாக நானா சொன்னார். நானாவுக்கு அதை யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.